குணா அண்ணை கழுவிய புல்கோகி

நான் கூட்டிச் சொல்லுகிறவள் என்று ஜேர்மனியில் நாங்கள் இருக்கிற பீலெஃபெல்ட் நகரம் முழுக்கக் கதை. அதைப் பரப்பியவர் வேறு யாருமல்ல, என் மனுசன் பெனடிக்ற்தான். வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் நீட்டும்போதே, "ஜெசிந்தா சொல்லுறதிலை பாதியைக் கழிச்சுப்போட்டுக் கேளுங்கோ" என்று சொல்லித்தான் கோப்பையைக் கையில் கொடுப்பார். நான் என்ன செய்ய? வைத்தியசாலைக் குசினியில் வருடக்கணக்காக உப்பில்லாத உருளைக்கிழங்கும் நிறமில்லாத சூப்பும் ஆக்கிப்போட்டு ஓய்வுபெற்றவள். மிச்ச வாழ்க்கையிலாவது கொஞ்சம் தூளைக் கூடப் போட்டால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் குணா அண்ணையின் புல்கோகி விஷயத்தில் நான் ஒன்றையும் கூட்டவில்லை. கூட்டுவதற்கு இடமே இருக்கவில்லை.

குணா அண்ணை என்கிற குணசேகரம் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருக்கிறார். நகரத்து பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி காலமாகி ஐந்தாறு வருடமாகிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். பஸ் ஓட்டிய காலத்தில் எப்படியோ இப்போதும் மனுசன் அப்படியேதான். குறித்த நேரத்துக்குக் கதவு திறக்கும், குறித்த நேரத்துக்குக் கதவு மூடும், இடையில் சாரதியோடு பேச்சில்லை. அப்படிப்பட்டவர் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு மணியை அடித்துவிட்டு நின்றார். தலைக்கு மை பூசியிருந்தார். தலைக்கு மட்டுமென்றால் பரவாயில்லை. காது, கழுத்து, சேட்டுக் கொலர் எல்லாம் ஒரே கறுப்பு. நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து நேரே எங்கள் வாசலுக்கு ஏறி வந்தவர் போல இருந்தார்.

"தங்கச்சி, உமக்குப் புல்கோகி சமைக்கத் தெரியுமே?"

"அதென்ன சாமான் அண்ணை?"

"கொரியாக்காரரின்ரை மாட்டிறைச்சி. பேப்பர் மாதிரி மெல்லிசா வெட்டிச் செய்யிறது. இனிப்போ உறைப்போ எண்டும் எனக்குத் தெரியாது. ஆனா ஞாயிற்றுக்கிழமை நான் அதைச் சமைக்க வேணும்."

"ஏன், டொக்டர் எழுதித் தந்தவரோ?"

உள்ளே வந்து கதிரையில் இருந்தார். பெனடிக்றைப் பார்த்தார், முகட்டைப் பார்த்தார், தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல மெல்லக் கக்கினார்.

டொக்டர் எழுதிக் கொடுத்தது புல்கோகி இல்லை, முழங்கால் வருத்தத்துக்குத் தண்ணீருக்குள் தேகப்பயிற்சி. போன இடத்தில் குளம் நிறைய மனுசிகள், நடுவில் இவர் ஒருத்தர். அந்த மனுசிகளில் ஒருவர்தான் ஃப்ராவ் யூன், அதாவது திருமதி யூன். இருபது வயதில் கொரியாவிலிருந்து தாதியாக ஜேர்மனிக்கு வந்தவர். ஹைன்ஸ் என்கிற ஜேர்மன்காரரைக் கட்டி, அவரையும் மேலுலகத்துக்கு வழியனுப்பிவிட்டு, இப்போது தனியாக இருக்கிறார். குணா அண்ணையைவிட இரண்டு வயது மூப்பு. ஃப்ராவ் யூன் இந்தக் கரையில் நின்று சிரித்தால் குளத்தின் அந்தக் கரையில் அலை அடிக்குமாம். இதை நான் சொல்லவில்லை, அண்ணை சொன்னது. என்னையும் மிஞ்ச ஒருவர் எங்கள் கட்டடத்திலேயே இருந்திருக்கிறார், இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது.

"போன கிழமை கேட்டவ, ஞாயிற்றுக்கிழமையிலை என்ன சாப்பிடுவியள் எண்டு. பாணும் பருப்பும் எண்டு சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்துது தங்கச்சி. முதல்நாள்தான் ஏசியாக் கடையிலை ஒரு போத்திலிலை அந்தப் பேரைக் கண்டனான். அது வாயிலை வந்திட்டுது. புல்கோகி எண்டன். அடிக்கடி வைக்கிறனான் எண்டும் சொல்லிப்போட்டன்."

"அதுக்கு அவ?"

"அப்ப ஞாயிறு மத்தியானம் வாறன் எண்டிட்டா."

பத்திரிகைக்குப் பின்னால் இருந்து பெனடிக்ற் குரல் கொடுத்தார். "அண்ணை, பஸ் ரூட் மாறி ஓடியிருக்கு."

"பகிடி விடாதையும். திங்கக்கிழமை அவ ஹம்பேர்க் போறா. மகன் தன்ரை வீட்டுக்குப் பக்கத்திலை ஒரு வீடு பாத்து வைச்சிருக்கிறான். திங்கள் காலமை கையெழுத்து வைச்சா, மாசக் கடைசியிலை சாமானெல்லாம் ஏத்தியாச்சு. பிறகு ஆர் ஆரைக் காணுறது?" அண்ணையின் குரல் இறங்கியது. "போகவேண்டாம் எண்டு கேக்கவேணும். ஞாயிற்றுக்கிழமையை விட்டா எனக்கு வேறை நாளில்லை."

"அதைத் தண்ணிக்குள்ளையே கேக்கலாமே?"

"சுத்திவர அவ்வளவு மனுசியள் காலைத் தூக்கிக்கொண்டு நிக்கேக்கையோ? ஏலாது தங்கச்சி. சாப்பாடு நல்லா அமைஞ்சாத்தான் எனக்கு வாய் திறக்கும்."

எனக்கு நெஞ்சுக்குள் சீனவெடி கொளுத்திப் போட்டதுபோல இருந்தது. அறுபத்தொன்பது வயதில் ஒரு மனுசன் காதுக்கு மை பூசிக்கொண்டு காதலிக்கிறார், அதுவும் என் வீட்டுக்கு நேர் கீழே, நான் ஓய்வாக இருக்கிற காலத்தில்! கடவுள் கருணை உள்ளவர்.

"அண்ணை, நீங்கள் போய் முதல் அந்தக் காதைத் துடையுங்கோ. புல்கோகியை நான் பாக்கிறன்" என்றேன்.

"நீ முதல்லை கொரியா எங்கை கிடக்கெண்டு பார்" என்றார் பெனடிக்ற்.

வெள்ளிக்கிழமை முழுக்க யூரியூப்பில் கொரியாப் பெண்கள் என் குசினிக்கு வந்து போனார்கள். அவர்களின் பேச்சு விளங்கவில்லை. கீழே டொச்சில், அதுதான் ஜேர்மன் மொழியில், ஓடிய எழுத்தை வாசித்து முடிப்பதற்குள் இறைச்சி வெந்து, பரிமாறி, சாப்பிட்டும் விடுகிறார்கள். ஆனாலும் சாரம் பிடிபட்டது. இறைச்சி மெல்லியதாக இருக்கவேண்டும். சோயா சோஸ், சீனி, உள்ளி, வெங்காயத்தாள், வறுத்த எள்ளில் எடுத்த நல்லெண்ணெய். இவற்றோடு ஒரு பேரிக்காயைத் துருவிப் போடவேண்டும். அது இறைச்சியை மெதுவாக்கும். ஊறவைத்து, நன்றாகச் சூடேறிய தாச்சியில் போட்டு, இரண்டு புரட்டு. அவ்வளவுதான். மிளகாய்த்தூள் இல்லை, கறித்தூள் இல்லை, கறிவேப்பிலை இல்லை. ஒரு கறி இவ்வளவு வெறுங்கையோடு எப்படி உலகப் புகழ் பெற்றது என்று எனக்கு வியப்பாக இருந்தது.

சனிக்கிழமை அண்ணையும் நானும் இறைச்சிக் கடைக்குப் போனோம். "பேப்பர் போல வெட்டித் தாருங்கள்" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பச்சை இறைச்சி சொசேஜ் வெட்டுகிற மெசினுக்குள் போகாது, அது ஒழுங்கு என்றார். ஜேர்மனியில் 'அது ஒழுங்கு' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் வானமே இடிந்து விழுந்தாலும் வரிசையில் நின்றுதான் விழவேண்டும். கொழுப்பும் நரம்பும் இல்லாத ஒரு நல்ல துண்டை முழுதாகவே வாங்கிக்கொண்டு வந்தோம்.

அங்கேதான் என் மனுசன் உதவினார். அவர் இரும்புத் தொழிற்சாலையில் கடைசல் மெசினில் நின்றவர். மயிரிழையைக் கொடுத்தால் அதையும் நாலாகச் சீவுவார். இறைச்சியை பிறீசரில் அரைவாசி இறுகவிட்டு எடுத்து, எங்கள் வீட்டுப் பாண் வெட்டும் மெசினை மேசையில் பூட்டி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொன்றாகச் சீவத் தொடங்கினார். அடடா! ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்து அதனூடாகப் பத்திரிகையில் மரண அறிவித்தலை வாசித்தார். இன்னொரு துண்டு சன்னல் திறந்திருந்ததால் பறக்கப் பார்த்தது, நான்தான் பிடித்தேன்.

எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் தாள் வைத்து அடுக்கிக் குணா அண்ணையின் பிறிட்ஜுக்குக் கொண்டுபோனேன். விருந்து அவர் வீட்டில் நடப்பது, சமைத்தவரும் அவராகவே இருக்கவேண்டும். அந்த வீட்டில் இது சின்ன விஷயமல்ல. அண்ணையின் மனைவி இருந்தவரை அந்தக் குசினிக்குள் மாடு பாலாக மட்டும்தான் வந்தது. ஆடும் கோழியும் தாராளம். மாட்டிறைச்சியை அண்ணை வேலையிடத்துக் கன்ரீனில் சாப்பிட்டுவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். அதனால் நான் பெட்டியோடு வாசலில் நிற்க, அவர் குசினித் தட்டில் இருந்த சாமிப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு தட்டத்தில் அடுக்கி, படுக்கையறைச் சன்னலோரம் கொண்டுபோய் வைத்தார். "நாளைக்குப் பின்னேரம் மட்டும் இஞ்சை காத்து வாங்குங்கோ" என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"அண்ணை, நாளைக்கு நான் பூசை முடிஞ்சு வந்து சோஸ் கலக்கிறன். நீங்கள் சோத்தைப் போட்டு, மேசையைத் துடைச்சு வையுங்கோ. வேறை ஒண்டும் செய்யவேண்டாம்."

"ஓம் ஓம். நான் என்ன சின்னப் பிள்ளையே?"

ஞாயிற்றுக்கிழமை சாமியாரின் பிரசங்கம் நோவாவின் வெள்ளத்தைவிட அதிக நாள் நீடித்தது. ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து கட்டடத்துக்குள் காலை வைத்தேன். படிக்கட்டில் ஒரு வாசம். மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும். புல்கோகியில் இந்த இரண்டுக்கும் வேலையே இல்லையே என்று அண்ணையின் மணியை அடித்தேன்.

கதவைத் திறந்த அண்ணை முகமெல்லாம் பல்லாக நின்றார். சேட்டுக் கையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தார்.

"உமக்கு ஒரு வேலையும் வைக்கேல்லைத் தங்கச்சி. எல்லாம் கழுவி முடிச்சிட்டன்."

"எதை அண்ணை?"

"இறைச்சியை. மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசைஞ்சு, தேசிக்காய்ப் புளி விட்டு, மூண்டு தண்ணியிலை. கடைசித் தண்ணி கண்ணாடி மாதிரி ஓடிச்சுது!"

குசினித் தொட்டிக்குப் பக்கத்தில் வடிதட்டில் அது இருந்தது. பாண் மெசினில் சீவி, தாள் வைத்து அடுக்கிய அந்தப் பட்டுத்துணிகள் இல்லை. நிலம் துடைத்து முறுக்கி வைத்த ஒரு மஞ்சள் சீலை.

"இதேன் இப்பிடி உருண்டு கிடக்கு?"

"பிழிஞ்சனான். தண்ணி நிண்டாப் பழுதாப் போகுமெல்லே."

நான் அந்தக் கதிரையிலேயே இருந்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அவரைப் பேச எனக்கு வாய் வரவில்லை. இறைச்சியைக் கழுவாமல் சட்டியில் போடுகிற தமிழ் வீடு உலகத்தில் எங்காவது இருக்கிறதா? மாட்டை அறுத்தவன் ஒருவன், ஏற்றியவன் ஒருவன், தொங்கவிட்டவன் ஒருவன், அத்தனை பேரின் கையையும் நாங்கள் சாப்பிடுவதா? ஆட்டிறைச்சித் துண்டென்றால் மூன்று தண்ணீர் என்ன, முப்பது தண்ணீரிலும் அசையாது. ஆனால் மரண அறிவித்தல் வாசிக்கக்கூடிய இறைச்சியைக் குழாய்க்குக் கீழே பிடித்தால்? கொரியாப் பெண்கள் தாளால் ஒற்றி எடுத்ததோடு சரி. அதை அண்ணைக்குச் சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை. மீன்குஞ்சுக்கு நீந்தாதே என்று யார் சொல்லிவைப்பார்கள்?

விஷயத்தைச் சொன்னதும் அண்ணையின் முகத்தில் இருந்த பல்லெல்லாம் உள்ளே போயின.

"அப்ப கெட்டுதே?"

"கெட்டுது."

"வேறை வாங்குவம்."

"இண்டைக்கு ஞாயிறு அண்ணை."

ஜேர்மனியில் ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வாங்க நினைப்பது, பாலைவனத்தில் கப்பலுக்கு நிற்பது மாதிரி. ஸ்ரேசனில் ஒரு கடை திறந்திருக்கும்; அங்கே சொசேஜும் சொக்லற்றும்தான் கிடைக்கும். ஃப்ராவ் யூன் ஒரு மணிக்கு வருவார். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

"போன் பண்ணி எனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லட்டே?" என்றார் அண்ணை.

"சொல்லுங்கோ. அவ நேர்ஸ். பத்து நிமிசத்திலை தேர்மாமீற்றரோடை வந்து நிப்பா. காய்ச்சல் இல்லையெண்டாலும் வரப்பண்ணுவா."

"தங்கச்சி, அவ ஹம்பேர்க் போயிடுவா." மனுசன் மஞ்சள் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்ற நிலையைப் பார்க்க எனக்குச் சிரிப்பு பாதி, அழுகை பாதி.

"போகமாட்டா. பேரிக்காயைத் துருவுங்கோ!"

அந்தச் சீலையைப் பிரித்தெடுத்தேன். பிரிக்கப் பிரிக்கத் தும்பு தும்பாக வந்தது. சோயா சோஸைத் தாராளமாக விட்டேன், மஞ்சளை மறைக்க வேறு வழியில்லை. சீனி, உள்ளி, நல்லெண்ணெய். அண்ணை பேரிக்காயைத் துருவினார், கூடவே விரலையும் கொஞ்சம் துருவினார். ஊறவைக்க நேரமில்லை, கையால் அடித்துப் பிசைந்தேன். தாச்சியில் போட்டுப் புரட்ட அது இனித் துண்டும் இல்லை. ஆனால் வடை தட்டுகிற கைக்கு எது பிடிபடாது? உருட்டினேன், தட்டினேன், சூடான தாச்சியில் ஒவ்வொன்றாகப் போட்டேன்.

சீனியும் எண்ணெயும் சூட்டைக் கண்டதும் புகை எழும்பியது. புகையென்றால் எரிமலைப் புகை. எதிரே நின்ற அண்ணை காணாமல் போனார், குரல் மட்டும் கேட்டது. அடுத்த கணம் முகட்டில் இருந்த புகை அலாரம் கத்தத் தொடங்கியது. அண்ணை நிலம் கூட்டுகிற தும்புத்தடியைத் தூக்கி அதற்கு அடித்தார். அது இன்னும் கூடக் கத்தியது. அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம். வாசல் மணி.

ஒரு மணிக்கு வரவேண்டியவர் கால் மணி முந்தி வந்துவிட்டார். ஜேர்மன்காரர் குறித்த நேரத்துக்கு வருவார்கள். ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தவர்கள் அதையும் முந்தி வருவோம்.

ஃப்ராவ் யூன் சின்ன உருவம், குட்டைத் தலைமயிர், முதுகில் ஒரு பெரிய பை. உள்ளே வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. பையை இறக்கினார், கதிரையை இழுத்தார், ஏறினார், முகட்டில் இருந்ததை ஒரு திருகு திருகிக் கழற்றினார். நிசப்தம்.

"நாற்பது வருடம் இரவு வேலை செய்தவள்," என்றார் டொச்சில், கதிரையில் நின்றபடியே. "என் கையில் நிற்காத அலாரம் கிடையாது. நல்வரவு சொல்லமாட்டீர்களா, ஹெர் குணசேகரம்?"

அண்ணை தும்புத்தடியைப் பூங்கொத்துப் போலப் பிடித்துக்கொண்டு நல்வரவு சொன்னார். பிறகு என்னைக் காட்டி, "மேல்வீட்டு ஃப்ராவ் ஜெசிந்தா. உப்புக் கடன் வாங்க வந்தவர். இப்போதே போய்விடுவார்" என்றார்.

நான் உப்பு எடுக்கக் குசினிக்குள் போனேன். கதவைப் பெனடிக்ற் சீவிய இறைச்சியின் தடிப்புக்குத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். போவதா? எனக்கென்ன விசரா?

மேசையில் வெள்ளைச் சோறு, கீரை, ஃப்ராவ் யூன் பையிலிருந்து எடுத்த ஒரு போத்தல் கிம்சி ஊறுகாய், நடுவில் என் கறுத்த வடைகள். அண்ணை பரிமாறினார். ஃப்ராவ் யூன் ஒன்றை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், மணந்தார், கடித்தார். மெல்லும்போது அவர் கண் முகட்டில் இருந்தது. நான் மூச்சை விடவில்லை. எவ்வளவு நேரம் விடவில்லையென்றால், வைத்தியசாலையில் என்றால் படிவம் நிரப்பத் தொடங்கியிருப்பார்கள்.

"மஞ்சள்?" என்றார் ஃப்ராவ் யூன்.

"ஓம். யா. மஞ்சள்."

"ஏன்?"

"கழுவினேன்."

"இறைச்சியைக் கழுவினீர்களா?"

அண்ணை தலையைக் குனிந்தார். பஸ் ஓட்டிய காலத்தில் ஒரு தடவைகூட யாரையும் இடிக்காத மனுசன், இப்போது இடித்துவிட்டு நிற்பவர் போல. "ஃப்ராவ் யூன், நான் பொய் சொன்னேன். புல்கோகியை நான் வாழ்நாளில் சமைத்ததில்லை, சாப்பிட்டதில்லை. போத்தலில் பெயரைப் பார்த்தேன், அவ்வளவுதான்."

"எனக்குத் தெரியுமே."

"தெரியுமா?"

"எப்படிச் செய்வீர்கள் என்று தண்ணீருக்குள் கேட்டேனே. நிறையத் தேங்காய்ப்பால் விடுவேன் என்றீர்கள். புல்கோகிக்குத் தேங்காய்ப்பால் விடுகிற மனிதர் எப்படி இருப்பார் என்று பார்க்கத்தான் வந்தேன்."

தேங்காய்ப்பாலா? இந்த விஷயத்தை அண்ணை எங்களிடம் சொல்லவேயில்லை. கதவுக்குப் பின்னால் நான் முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

ஃப்ராவ் யூன் இரண்டாவது வடையை எடுத்தார். "கட்டிக்கொண்டு வந்த முதல் நத்தார்ப் பண்டிகைக்கு, எலும்பிறைச்சியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு இரத்தத்தை இறங்கவிட்டேன். என் அம்மா அப்படித்தான் செய்வார். ஹைன்ஸின் தாயார் அதைப் பார்த்துவிட்டு, கொரியாக்காரி மாட்டைக் குளிப்பாட்டுகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இந்த நாட்டில் யாருக்கும் தெரியாமல் கதவைப் பூட்டிவிட்டுத்தான் ஊறவைப்பேன்." பிறகு அந்தச் சிரிப்பு வந்தது. அண்ணை சொன்னது பொய்யில்லை. குசினித் தட்டில் இருந்த கிளாசுகள் ஒன்றோடொன்று முட்டின. "ஆனால் எலும்பைத்தான் குளிப்பாட்டலாம், ஹெர் குணசேகரம்! இதை அல்ல! இது பாவம், சின்னக் குழந்தை!"

அண்ணையும் சிரித்தார். மூன்றாவது வடையும் போனது. நான் குசினிக்குள் நின்று கையால் சைகை காட்டினேன். இப்ப கேளுங்கோ, இப்ப! அவர் என்னைக் கண்டார். கரண்டியை வைத்தார். நிமிர்ந்தார். வாயைத் திறந்தார்.

டொச் வரவில்லை. பஸ்ஸில் எத்தனை பேருக்கு வழி சொன்ன டொச், எத்தனை பேரோடு சண்டை பிடித்த டொச், அந்தக் கணத்தில் ஒரு சொல்கூட மிச்சமில்லாமல் இறங்கிப் போய்விட்டது. வந்தது தமிழ்தான்.

"நீங்கள் ஹம்பேர்க் போகவேண்டாம்."

ஃப்ராவ் யூன் புருவத்தைத் தூக்கினார். "மன்னிக்கவும்?"

அண்ணை இன்னொருதரம் முயன்றார். திரும்பவும் தமிழ். "நீங்கள் போனா எனக்குக் கொஞ்சம் கஸ்ரமா இருக்கும்."

ஃப்ராவ் யூன் அவரை விட்டுவிட்டுக் குசினிக் கதவைப் பார்த்தார். "ஃப்ராவ் ஜெசிந்தா, உப்பைக் கண்டுபிடித்துவிட்டீர்களா? இவர் என்ன சொல்கிறார்?"

வெளியே வந்தேன். இப்படியொரு வேலை எனக்கு இந்த நாட்டில் யாரும் இதுவரை தந்ததில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, நல்ல டொச்சில் மொழிபெயர்த்தேன். "நீங்கள் ஹம்பேர்க் போனால், இவர் குளத்தின் ஆழமான பக்கத்துக்குப் போய் இறங்கி, திரும்பி மேலே வரமாட்டாராம்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை!" என்று அண்ணை கத்தினார். டொச் கேட்டு விளங்குவதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

"இப்போது என்ன சொல்கிறார்?"

"சாப்பாடு தண்ணி இல்லாமல் உங்கள் வீட்டு வாசலில் இருப்பாராம். பனி பெய்தாலும் எழும்பமாட்டாராம்."

"தங்கச்சி!"

"சாமான் ஏற்றுகிற லொறிக்கு முன்னால் படுப்பாராம். இவர் பஸ் ஓட்டியவர், எங்கே படுத்தால் லொறி நிற்கும் என்று இவருக்குத் தெரியுமாம்."

ஃப்ராவ் யூன் சிரிக்கவில்லை. கையைத் துடைத்தார். அண்ணையை நேரே பார்த்து, அமைதியாக, நீளமாக ஏதோ சொன்னார். எல்லாம் கொரிய மொழியில். நடுவில் ஒரு இடத்தில் குரல் உடைந்தது, ஒரு இடத்தில் விரலை நீட்டிக் கண்டித்தார், முடிவில் கேள்வி போல நிறுத்தினார்.

அண்ணை என்னைப் பார்த்தார். "என்ன சொல்லுறா தங்கச்சி?"

எனக்குக் கொரிய மொழியில் புல்கோகியைத் தவிர ஒரு சொல் தெரியாது. ஆனால் ஒரு மனுசி இன்னொரு மனுசியின் முகத்தை வாசிக்க அகராதி எதற்கு?

"தனக்கும் தனிய இருக்க ஏலாதாம். மகன் நல்ல பிள்ளையாம், ஆனா மருமேளின்ரை வீட்டுக்குப் பக்கத்திலை இருந்தா, எப்ப வாறாய், எப்ப போறாய் எண்டு பாத்துக்கொண்டு இருப்பினமாம். இஞ்சை நிக்கிறாவாம். ஆனா நீங்கள் இனி இறைச்சியிலை கை வைக்கக்கூடாதாம். கேக்கிறதை இன்னும் கொஞ்சம் முந்திக் கேட்டிருக்கலாமாம், மடச் சாம்பிராணி எண்டுறா."

"கடைசிச் சொல்லை அவ சொல்லேல்லை."

"முகத்திலை இருக்கு அண்ணை."

"அவருக்கு என்ன சொன்னீர்கள்?" என்று ஃப்ராவ் யூன் டொச்சில் கேட்டார். அப்படியே திருப்பிச் சொன்னேன், ஒன்றையும் கூட்டாமல், குறைக்காமல். அவர் விரலை மடித்து ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு தலையை ஆட்டினார்.

"மருமகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சம் கிட்டத்தட்டச் சரி."

அண்ணை கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். காது நுனி வரை சிவந்தார். வியாழக்கிழமைக் கறுப்பு அதற்குமேல் இன்னும் லேசாக மிச்சமிருந்தது.

ஃப்ராவ் யூன் கைத்தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்தார். ஸ்பீக்கரில் மகனின் குரல் கேட்டது. "அம்மா? நாளைக்கு எத்தனை மணி ரெயில்?"

"நாளைக்கு நான் வரவில்லை. அந்த வீட்டை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்."

"என்னம்மா? சுகமில்லையா?"

"நல்ல சுகம். ஒருவர் எனக்காக மாட்டைக் குளிப்பாட்டியிருக்கிறார்."

மகனின் குரல் உயர்ந்தது. "அம்மா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? அவர்களிடம் போனைக் கொடுங்கள்."

நான் போனுக்குக் கையை நீட்டினேன். அந்த மகனுக்குச் சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. ஆனால் அண்ணை முந்திக்கொண்டார். எங்கே போயிருந்ததோ அந்த டொச், திரும்பி வந்து ஏறிவிட்டிருந்தது. "வணக்கம். என் பெயர் குணசேகரம். உங்கள் அம்மாவுக்கு ஒன்றுமில்லை. இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் இங்கே இருந்தால் எனக்குப் பெரிய சந்தோஷம். அடுத்த கிழமை நீங்களும் சாப்பிட வாருங்கள். நான் சமைக்கமாட்டேன்."

போனை வைத்த பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு கதிரையை இழுத்து அப்போதுதான் வசதியாக உட்கார்ந்திருந்தேன்.

"தங்கச்சி, பெனடிக்ற் உம்மைத் தேடுவார்."

"அவர் என்னைத் தேடுறதை விட்டுக் கனகாலம் அண்ணை."

"தங்கச்சி!"

"சரி சரி, போறன்." ஒரு தட்டத்தில் நாலு வடையை எடுத்துப் போட்டுக்கொண்டு எழும்பினேன். ஃப்ராவ் யூன் வாசல் வரை வந்து என் கையைப் பிடித்து அமத்தினார். "லொறிக்கு முன்னால் படுக்கிற கதை எனக்கு நன்றாகப் பிடித்தது" என்று காதுக்குள் சொன்னார்.

படியில் இரண்டு அடி வைத்திருப்பேன், பின்னால் கதவு சாத்திய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இன்னொரு சத்தம். பூட்டுக்குள் திறப்பு இரண்டு தடவை திரும்பியது. இந்தக் கட்டடத்தில் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன், குணா அண்ணை பட்டப்பகலில் கதவைப் பூட்டியதை அன்றைக்குத்தான் கேட்டேன். பெனடிக்றுக்குச் சொல்ல மிச்சப் படிகளை ஓடியே ஏறினேன். இந்த வயதில், இந்த முழங்காலோடு, ஒரே மூச்சில்!